உருகிய பனி எப்போது ஆற்றை அடையும்?

குடுபல்லியில் பனி என்றால் மார்கழி விடியலில் மாவிலைகளிலிருந்து சொட்டும் பனிதான். அள்ளிக் குவிக்கும் வெண்பனி அல்ல. குளிர்நாட்டில் வளரும் என் பேரன் ஒருநாள் தொலைபேசியில் கேட்டான்: "காலையிலிருந்து வெயில் அடிக்கிறது. வாசல் பனிக்குவியலிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லையே, ஏன் தாத்தா?" அவனுக்குச் சொன்ன பதிலை நம் சங்க அன்பர்களுக்கும் எழுதுகிறேன்.

மேலே உருகும் நீர் உடனே வெளியே வராததற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது குளிர். உள்ளே பனி பூஜ்ஜியம் டிகிரிக்கும் கீழே இருந்தால், இறங்கும் நீர் வழியிலேயே மீண்டும் உறைந்துவிடும். ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெப்பம் வெளிப்படும். அது 160 கிராம் பனியை ஒரு டிகிரி சூடாக்கப் போதுமானது. இப்படித்தான் குவியல் முழுவதும் பூஜ்ஜியத்துக்கு வருகிறது.

இரண்டாவது ஈரப்பிடிப்பு. அரிசியைக் களைந்து வடிதட்டில் வைத்தாலும் மணிகளுக்கிடையே கொஞ்சம் நீர் நிற்கிறதல்லவா? பனித்துகள்களும் அப்படியே. அந்தப் பங்கு நிரம்பிய பிறகுதான் மிச்சம் கீழே இறங்கும்.

மூன்றாவது வேகம். 1972-ல் அமெரிக்க விஞ்ஞானி கோல்பெக் இதற்கு ஒரு கணக்கு வகுத்தார். துகள்களின் இடைவெளியில் ஓடக்கூடிய நீர் இரு மடங்கானால், கீழிறங்கும் ஓட்டம் எட்டு மடங்காகும். எனவே காலையில் உருகிய சிறிதளவு நீர் பாசஞ்சர் வண்டிபோல் மெல்லப் போகும். உச்சிவெயிலில் உருகிய பெருநீர் எக்ஸ்பிரஸ்போல் பின்னால் வரும். இங்கே லூப் லைனும் இல்லை, சிக்னலும் இல்லை. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே அலையாகக் கீழே வந்து சேரும். ஓடையில் நீர் மாலையில் திடீரென்று உயர்வது இதனால்தான். பனி எவ்வளவு ஆழமோ அவ்வளவு தாமதம்.

இது வெறும் ஏட்டுக்கணக்கு அல்ல. 1963-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பக்ரா அணைக்கு வரும் சட்லெஜ் நீரில், ஆண்டுச் சராசரியாக ஏறக்குறைய 60 சதவீதம் பனியும் பனிப்பாறைகளும் உருகி வருவதே என்று ரூர்க்கி தேசிய நீரியல் நிறுவன ஆய்வாளர்கள் 2002-ல் கணக்கிட்டுள்ளனர். பருவமழைக்கு முன் எவ்வளவு நீர் வரும் என்பது தெரிந்தால்தான், அணையில் எவ்வளவு இடம் காலியாக வைப்பது, பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் எவ்வளவு திறப்பது என்று முடிவு செய்யலாம். ஒரு பெரிய ஆற்றுப்படுகை முழுவதும் துகள் துகளாகக் கணக்குப் போட முடியாது. அதனால் 1975-ல் மார்ட்டினெக் வெளியிட்ட எளிய முறை இமாலய நதிகளுக்கும் பயன்பட்டது. அன்றாட வெப்பநிலை, செயற்கைக்கோள் காட்டும் பனிப்பரப்பு, மழை ஆகியவை அதற்குப் போதும்.

ஆனால் பனிக்குள் மெல்லிய ஐஸ் ஏடு ஒன்று குறுக்கே இருந்தால் கணக்கு பிசகும். நீர் அதன்மேல் தேங்கி, கிடைத்த ஓட்டை வழியே இறங்கும். சரிவான மலையில் அப்படித் தேங்கினால் மேலடுக்கு பிடியிழந்து பனிச்சரிவாக உருளலாம். ஜல்லியில் மண் அடைத்து நீர் வடியாவிட்டால் இருப்புப்பாதை இளகுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். பிழை ஒன்றே, விளைவுதான் பெரிது. அதனால்தான் மலைகளில் ஆய்வாளர்கள் பனியில் குழி வெட்டி, அடுக்கடுக்காகப் பார்க்கிறார்கள்.

பேரனிடம், "சாயங்காலம் போய்ப் பார்" என்றேன். மறுநாள் அவனே கூப்பிட்டான். ஐந்து மணிக்குத் தண்ணீர் வந்துவிட்டதாம்.