மடை திறக்கக் கேட்கும் நிரல்

பாலவனத்தம், திருச்சுழி பக்கத்து வறண்ட சீமையில் கண்மாய்த் தண்ணீர் அளந்து செலவாகும் பொருள். ஆயக்கட்டில் நிலம் இருக்கிறது என்பதற்காக யாரும் போய் மடையைத் திறந்துவிட முடியாது. அது நீர்பாய்ச்சியின் வேலை. கணினிக்குள்ளும் இப்படியொரு ஏற்பாடு உண்டு. வட்டிலுள்ள கோப்பையோ திரையையோ விசைப்பலகையையோ ஒரு நிரல் தானே போய்த் தொட முடியாது. இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் கேட்டுத்தான் பெற வேண்டும். அந்தக் கேட்பின் பெயர் சிஸ்டம் கால். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. நீர்பாய்ச்சி அசந்த நேரம் பார்த்து மடையைத் திறப்பவர் இருக்கலாம். இங்கோ ப்ராசஸர் என்னும் செயலியே காவல் நிற்கிறது, சாதாரண நிரல் தரும் தடைசெய்த கட்டளைகளை அது ஏற்காது. 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் தாம்சனும் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸ் இயங்குதளத்தின் கெர்னல், 1973இல் ரிச்சியின் சி மொழியிலேயே திரும்ப எழுதப்பட்டது. சியும் சிஸ்டம் காலும் ஒட்டிப் பிறந்தவை போலத் தோன்றுவதற்கு அதுவே காரணம்.

கல்லூரி ஆய்வகங்களில் இதைப் பழக்கும் பயிற்சி ஒன்று உண்டு. திரையில் ஒரு பட்டியல்: 1 கோப்பைத் திற, 2 படி, 3 எழுது, 4 வேறு நிரலை ஓட்டு, 5 வெளியேறு. எண்ணை அழுத்தினால் அதற்குரிய சிஸ்டம் கால் நடக்கும். வேலை முடிந்ததும் பட்டியல் மறுபடி வரும். ஒரு சுழற்சியும் ஒரு ஸ்விட்சும் போதும், மெனு தயார். இதில் கற்க என்ன இருக்கிறது என்று தோன்றும். மெனுவில் ஒன்றுமில்லைதான். ஆனால் கேட்டவன் பதிலையும் கேட்க வேண்டும் என்கிற ஒழுங்கை இந்த எளிய பயிற்சி பழக்குவது போல வேறொன்று பழக்குவதில்லை. கெர்னல் அநேகமாக ஒவ்வொரு கேட்புக்கும் ஓர் எண்ணைத் திருப்பித் தருகிறது. பெரும்பாலும் -1 வந்தால் மறுப்பு என்று பொருள். கோப்பு இல்லாமல் இருக்கலாம், அனுமதி இல்லாமல் இருக்கலாம். காரணம் எர்நோ என்ற இடத்தில் கிடக்கும்.

நான்காம் எண்ணை எடுத்துக்கொள்வோம். ஃபோர்க் அழைத்ததும் ஓடும் நிரல் இரண்டாகிறது. தாய்க்குக் குழந்தையின் அடையாள எண் கிடைக்கிறது, குழந்தைக்கு 0. குழந்தை எக்செக் அழைத்துத் தன்னை வேறு நிரலாக மாற்றிக்கொள்கிறது. தாய் வெயிட் அழைத்துக் காத்திருக்கிறது. எக்செக் வெற்றி பெற்றால் திரும்பி வராது, ஆகவே அடுத்த வரிக்கு வேலையில்லை என்று மாணவர் விட்டுவிடுகிறார். நிரலின் பெயரைத் தப்பாக அடித்துப் பாருங்கள். எக்செக் -1 தருகிறது, குழந்தை பழைய நிரலாகவே நின்று சுழற்சிக்குத் திரும்பி அதே மெனுவைக் காட்டுகிறது. 5 அழுத்தினால் மெனு போக வேண்டும், போகாது. செத்தது குழந்தை, காத்திருந்த தாய் விழித்துத் தன் மெனுவை நீட்டுகிறது. எக்செக்குக்கு அடுத்த வரியில் ஓர் எக்ஸிட் இருந்திருந்தால் இந்தக் குழப்பமே இல்லை.

நூலகச் செயற்கூறுகள் இருக்க இதெல்லாம் எதற்கு, தொடுதிரைக் காலத்தில் கறுப்புத் திரை மெனுவா என்று கேட்கலாம். ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான்; விரலால் தொட்டாலும் அடியில் நடப்பது இதே கேட்பு. லினக்ஸில் நிரலை ஸ்ட்ரேஸ் கட்டளையோடு ஓட்டினால் பிரிண்ட்எஃப் என்ற நூலகச் செயற்கூறு கடைசியில் ரைட் என்ற சிஸ்டம் காலாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நூலகம் வசதி தருகிறது; கூடவே சிலவற்றை மறைக்கவும் செய்கிறது. அப்படி மறைவதில் ஒன்று, எழுத்துக்கும் பைட்டுக்கும் உள்ள வேறுபாடு. 1901இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவிய பாண்டித்துரைத் தேவர் ஜமீன்தாராக இருந்த ஊர் பாலவனத்தம். அந்த ஊர்ப் பிள்ளை மெனுவைத் தமிழில் எழுதுவதே முறை. 'கண்மாய்' என்பதில் நான்கு எழுத்துதானே என்று ரைட்டுக்கு நீளம் 4 எனக் கொடுத்தால் 'க' மட்டும் வந்து, பக்கத்தில் ஏதோ ஒரு கிறுக்கல் விழும். யுடிஎஃப்-8 முறையில் அந்தச் சொல்லுக்குப் புள்ளி, துணைக்கால் எல்லாம் சேர்த்து 7 குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 21 பைட். கெர்னலுக்கு எழுத்து தெரியாது, பைட்தான் தெரியும். பிரிண்ட்எஃப் மட்டும் பழகியவருக்கு இந்த உண்மை எதிர்ப்படவே வாய்ப்பு குறைவு.

தேர்வுக்காக மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பயிற்சியாக இது ஆகிவிட்டது என்பது வலுவான குறை, மறுப்பதற்கில்லை. அதற்கு மருந்து பயிற்சியை நீக்குவது அல்ல, கேள்வியை மாற்றுவது. ஓடும் நிரலைக் காட்டு என்பதோடு நிற்காமல், இல்லாத கோப்பைத் திறந்து காட்டு, அனுமதியில்லாத கோப்பில் எழுதிக் காட்டு, எண் கேட்கும் இடத்தில் எழுத்தை அடித்துக் காட்டு என்று கேட்டால் மனப்பாடம் எடுபடாது. இதற்குப் பெரிய செலவும் இல்லை. தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் தந்த கணினிகளில் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. லினக்ஸும் சி மொழிக்கான ஜிசிசி கம்பைலரும் இன்றும் இலவசம். மெனுவின் ஐந்து எண்களும் சரியாக ஓடுவதற்குப் பாதி மதிப்பெண் போதும். மீதிப் பாதியை அந்த -1 வரும்போது நிரல் என்ன சொல்கிறது என்பதற்கு ஒதுக்கலாம்.