'வாயை மட்டும் அசை'ன்னு சொன்ன மிஸ்ஸுக்கு...

ஏழாம் வகுப்பில் மியூசிக் மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ பாட வேணாம்பா, வாயை மட்டும் அசை" என்றார். அன்றிலிருந்து பாத்ரூமில்கூட நான் பாடியதில்லை. அந்தச் சோகத்தைப் போன மாசம் கிளறிவிட்டவர் ஹங்கேரிக்காரர் பேலா பார்டோக்.

கதை 1905ல் ஆரம்பிக்குது. சோல்டான் கோடாய் என்ற 22 வயசு இளைஞர் நாட்டுப்பாட்டுத் தேடிக் கிராமங்களுக்குக் கிளம்பினார். அடுத்த வருஷம் பார்டோக்கும் அதே வேட்டையில் இறங்கினார். கையில் எடிசனின் போனோகிராஃப். பாட்டிம்மா புனல் மாதிரி குழாய்க்கு முன்னால் பாடணும். அதிர்வு ஊசி வழியாக மெழுகு உருளையில் கீறலாகப் பதியும். இரண்டு, மூணு நிமிஷத்தில் உருளை காலி! (நம்ம எம்.பி.3 எவ்ளோ சொகுசு பாருங்க.)

பட்டணத்துக்காரங்களுக்கு அதுவரை ஹங்கேரி இசைன்னா ஹோட்டல்ல ரோமா குழுக்கள் வாசிச்சதுதான். கிராமத்தில் கிடைத்ததோ வேற சரக்கு. பழைய பாட்டுகள் பலவற்றில் ஐந்தே ஸ்வரம்: ஸ, க, ம, ப, நி. "டேய், இது சுத்த தன்யாசிடா!" என்று குதித்தான் என் ரூம்மேட். முதல் பாதி மெட்டே ஐந்து ஸ்வரம் கீழே இறங்கி இரண்டாம் பாதியாக வருவதும் உண்டு.

1925 வாக்கில், பள்ளிப் பிள்ளைகள் பாடுவதைக் கேட்டு கோடாய் நொந்துபோனார். பிள்ளைகள் மேல் தப்பில்லை, கொடுத்த பாட்டு அப்படி. உடனே குழந்தைகளுக்காகவே எழுத உட்கார்ந்தார். 1935ல் பார்டோக்கும் குழந்தைகள், பெண்கள் குரலுக்காக 27 பாட்டு எழுதினார். வரிகள் நாட்டுப்பாட்டுலேர்ந்து, மெட்டு முழுக்க அவரோடது. ரொட்டி சுடுறதுக்கு ஒண்ணு, சோம்பேறிகளுக்கு ஒண்ணு, உலகத்தில் எனக்கு யாருமில்லைன்னு ஒண்ணு. குழந்தைதானேன்னு எதையும் லேசாக்கலை. ஒரு குரல் ஒரு பக்கம் போக, இன்னொன்று பின்னாலேயே துரத்தும். இதை ஹெட்போனில் கேட்டப்பதான் மிஸ் ஞாபகம் வந்தாங்க.

கோடாய் பிறந்த ஊரான கெச்கெமேட்டில் 1950ல் தினமும் பாட்டு வகுப்புள்ள ஆரம்பப் பள்ளி தொடங்கியது. பியானோ வேணாம், தொண்டை போதும். ஸ்வரத்துக்கு ஒரு கை சைகை. 'டோ'வுக்கு மூடின முஷ்டி. நம்ம 'ஸ' மாதிரியே 'டோ'வையும் எந்தச் சுருதியிலும் வச்சுக்கலாம். கோடாய் வழியில் பாட்டு சொல்லித்தர்றவங்க குழந்தைக்கு முதலில் பெரும்பாலும் 'ஸோ', 'மி' இரண்டுதான் தர்றாங்க.

இரண்டே ரெண்டு ஸ்வரம். அதுகூட எனக்கு வந்திருக்காதா மிஸ்?