ஏறுமுன் ஒரு பாடம்

காணியை விட்டு வந்த கமக்காரர் பலர் கட்டட வேலைக்குக் கூலியாகப் போகிறார்கள். மண்வெட்டி பிடித்த கை சாந்துச் சட்டி தூக்குகிறது. வரம்பில் நடந்து பழகிய கால் சாரத்திலும் கூரையிலும் ஏறுகிறது. ஏறச் சொல்ல ஆள் உண்டு. எப்படி ஏறுவதென்று பழக்குவோர் குறைவு. உழைப்பவர் விழுந்தால் குடும்பமே விழுந்துவிடும்.

சீவல் தொழில் பழகுபவரை எவரும் முதல்நாளே நெடும்பனையில் ஏற்றுவதில்லை. கைதேர்ந்தவரும் தளைநாரை இழுத்துப் பார்த்த பின்பே மரத்தில் கால் வைப்பார். கட்டட வேலைக்கும் இந்த ஒழுங்கு வேண்டும். வாயால் சொன்னால் போதாது. தாழ்ந்த உயரத்தில் செய்து பழக வேண்டும்.

பழக வேண்டியவை எவை?

ஏணி: 12 அடி உயரத்தில் சாய்ந்தால், அதன் அடி சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்கவேண்டும். நுனி, இறங்கும் தளத்துக்கு மேலே 3 அடி நீண்டிருக்கவேண்டும். மேலே கட்டிவிடுங்கள்.

சாரம்: காலையிலும் மழைக்குப் பின்னும் கட்டுகளைப் பாருங்கள். உக்கிய பலகையை அகற்றுங்கள். ஓரத்தில் கைபிடிக் கம்பு கட்டாமல் ஏறாதீர்கள்.

கூரை: அஸ்பெஸ்ரஸ் சீற் பார்வைக்கு உறுதி; மிதித்தால் திடீரென உடையும். ஆணி வரிசையில் நடந்தாலும் ஆபத்தே. மரங்களுக்குக் குறுக்கே பலகை போட்டு அதன்மேல் நில்லுங்கள்.

பாதுகாப்புப் பட்டி: இடுப்பை மட்டும் பிடிப்பது போதாது; தோளையும் தொடையையும் பிடிக்க வேண்டும். கயிற்றைத் தலைக்கு மேலுள்ள உறுதியான இடத்தில் கட்டுங்கள். ஒருமுறை விழுந்தவரைத் தாங்கிய பட்டியைத் திரும்பப் பாவிக்காதீர்கள்.

யாராவது விழுந்தால் பதற்றத்தில் தூக்கி இருத்தாதீர்கள். முள்ளந்தண்டு முறிந்திருந்தால் அந்த அசைவே கால்களை முடக்கிவிடும். தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொண்டு உதவிக்கு ஆள் அனுப்புங்கள்.

வேலையின்போது காயப்பட்டோருக்கு நட்டஈடு வழங்க 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. வேலை செய்த நாட்களையும் கொந்தராத்துக்காரரின் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அது பின்னர் சாட்சியாகும்.

முதல்நாளே கேளுங்கள்: “பட்டி எங்கே? அதை எதில் கட்டுவது?” இப்படிக் கேட்பது பயந்தவரின் கேள்வியல்ல. மாலையில் பிள்ளைகளிடம் திரும்பவேண்டியவரின் கேள்வி.