ஆகாய வழியும் மலை வழியும்

கொச்சி விமான நிலையத்திற்கும் மதுரை விமான நிலையத்திற்கும் இடையே ஆகாய வழித் தூரம் ஏறத்தாழ 190 கிலோமீட்டர். பூகோளப் படத்தில் இவ்விரண்டையும் ஒரு கோட்டால் இணைத்தால், அது மூணாற்றுக்குச் சற்றுத் தெற்கே செல்லும். இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே வாழும் இடுக்கித் தமிழரை வெளியூரார் பாக்கியசாலிகள் என்றே எண்ணக்கூடும்!

உண்மை வேறு. மூணாற்றிலிருந்து நெடும்பாசேரிக்கு நேர்க்கோட்டில் சுமார் 70 கிலோமீட்டர். அடிமாலி, நேரியமங்கலம் வழியே சாலையில் சென்றால் 110. மதுரைக்கு நேர்க்கோட்டில் 120-க்கும் குறைவு. போடிமெட்டு இறங்கித் தேனி வழியே சென்றால் 150-க்கும் மேல். எத்திசையில் சென்றாலும் நான்கு மணி நேரம் பிடிக்கும். மழைக்காலத்தில் அதற்கும் உறுதியில்லை. தேவிகுளம் கேப் ரோட்டில் 2019, 2020 ஆண்டுகளில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை நம்மவர் மறந்திருக்க மாட்டார்கள்.

இதை நாம் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. புகைவண்டி நிலையத்தில் குமாஸ்தாவாக இருப்பதால், பிரயாண நேரத்தைப் பற்றிய பேச்சுக்கள் நாள்தோறும் நம் காதில் விழுகின்றன. வீட்டில் துக்கம் நேர்ந்து, துபாயிலுள்ள மகனுக்குச் செய்தி போகிறது. "விமானத்தில் நாலு மணி நேரந்தானே!" என்று யாரோ கூற, அதை நம்பி அடக்கத்திற்கு நேரம் குறித்துவிடுகிறார்கள். துபாயிலிருந்து கொச்சிக்கு ஆகாய வழியில் சுமார் 2,800 கிலோமீட்டர். நான்கு மணி நேரம் என்பதும் மெய்யே. ஆனால் அது விமானத்தின் கணக்கு. மகனின் கணக்கு அன்று.

விமானம் இரவு 10 மணிக்குப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மகன் 7 மணிக்கே அறையைவிட்டுக் கிளம்ப வேண்டும். துபாய்க் கடிகாரம் நம்முடையதற்கு ஒன்றரை மணி நேரம் பிந்தியது. ஆகவே இங்கே அப்போது 8.30. கொச்சியில் இறங்கும்போது அதிகாலை 3.30. சோதனைகள் முடிந்து வெளியே வர 4.30. மலையேறி மூணாறு சேரக் காலை 8.30. ஆக, பன்னிரண்டு மணி நேரம்! டிக்கட்டில் புறப்படும் நேரம் துபாய்க் கணக்கிலும், சேரும் நேரம் இந்தியக் கணக்கிலும் அச்சிடப்பட்டிருக்கும் என்பதையும் காத்திருப்போர் நினைவிற் கொள்ள வேண்டும்.

நிற்க. குறுகிய பயணங்களில் விமானத்தின் வேகம் முழுமையாகக் கைகொடுப்பதில்லை. கொச்சி-சென்னை நேர்க்கோட்டில் சுமார் 520 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் நாற்பது நிமிடமே ஆக வேண்டும். அட்டவணையிலோ ஒன்றேகால் மணி நேரம் வரை காண்கிறோம். தரையில் ஊர்வதும், மேலே ஏறுவதும், இறங்க முறை வரும்வரை காத்திருப்பதும் அதில் அடக்கம்.

பாலக்காட்டு அன்பர்களுக்கு இத்தனை தொல்லை இல்லை. அங்கே மலை விலகி வழிவிட்டிருக்கிறது. கோவை விமான நிலையம் சமவெளிச் சாலையில் சுமார் 60 கிலோமீட்டர்தான். இடுக்கி மாவட்டத்திலோ இன்றளவும் புகைவண்டிப் பாதை இல்லை. ஆயினும், சென்னை செல்வோர் போடியை மறக்க வேண்டாம். 1928-இல் வந்த அந்தப் பாதை அகலப்படுத்துவதற்காக 2010 முடிவில் மூடப்பட்டு, 2023 ஜூனில் மீண்டும் திறக்கப்பட்டது. சென்னைக்கு நேர் வண்டியும் அப்போதே தொடங்கிற்று. இரவில் ஏறிப் படுத்தால், விடிந்தபின் சென்னையில் இறங்கலாம்.