32 பைட்டைத் தொலைத்தால் போதும்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பராமரிப்பை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. அதுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகள் பலவும் அன்றோடு பழசாகிவிட்டன. விண்டோஸ் 11 ஏற்காத இயந்திரங்களைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள், அல்லது சொந்தக்காரப் பிள்ளையின் படிப்புக்குக் கொடுக்கிறார்கள். கூடவே பழைய கேள்வியும் வருகிறது: ஃபார்மட் போட்டுக் கொடுத்தால் போதுமா? போதாது என்று சொல்ல ஒரு வியாபாரமே காத்திருக்கிறது. 3 தடவை மேலெழுது, 7 தடவை மேலெழுது, 35 தடவை மேலெழுது என்று மென்பொருளின் விலையோடு எண்ணும் ஏறிக்கொண்டே போகும். எத்தனை தடவை எழுதுவது என்பது இன்றைய கணினிக்குத் தவறான கேள்வி. எழுதச் சொன்ன இடத்தில்தான் அது எழுதுகிறதா என்று கேட்க வேண்டும்.

அதற்கு முன்னால், ‘என் டிஸ்கில் என்ன இருக்கிறது, யார் தோண்டப் போகிறார்கள்?’ என்பவர்களுக்கு ஒரு பதில். சிம்சன் கார்ஃபின்கெல், அபி ஷெலட் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 158 பழைய ஹார்ட் டிஸ்குகளை விலைக்கு வாங்கி ஆராய்ந்து, 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் வேலை செய்தவை 129. ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை 12. மீதியிலிருந்து 5,000-க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் கிடைத்தன. ஏடிஎம் இயந்திரத்திலிருந்து வந்ததாகத் தெரிந்த டிஸ்க் ஒன்றும் அதில் இருந்தது. இரண்டு பேரும் பெரிய மாயம் எதுவும் செய்யவில்லை. கோப்பை நீக்கினால் போவது அட்டவணையில் உள்ள பெயர்தான், சரக்கு அங்கேயே கிடக்கும் என்ற பால பாடம் போதுமானதாக இருந்தது.

35 என்ற எண்ணின் பூர்வீகத்தையும் சொல்லித் தொலைக்க வேண்டும். 1996-இல் பீட்டர் குட்மன் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் அது பிறந்தது. அந்நாளில் காந்தத் தட்டில் பதியும் முறைகள் பல இருந்தன. எல்லாவற்றுக்கும் ஏற்ற வடிவங்களைக் கூட்டிப் போட்டபோது 35 வந்தது. எந்த ஒரு டிஸ்குக்கும் 35-உம் தேவையில்லை என்று பின்னாளில் அவரே குறிப்பு எழுதினார், இதை மந்திரம்போல் ஓதுகிறவர்களைக் கிண்டலும் செய்தார். ஒரு தடவை மேலெழுதிய தட்டிலிருந்து பழைய பிட்டை ஊகிப்பது, காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடப் பெரிதாகத் தேறாது என்று 2008-இல் வேறொரு குழு காட்டியது. ஆக, சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் முழுவதும் ஒரே ஒரு தடவை பூஜ்யத்தை எழுதுங்கள், தீர்ந்தது.

சுழலும் தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி.யில்தான் விஷயம் சுவைக்கத் தொடங்குகிறது. அதற்குள் இருக்கும் ஃப்ளாஷ் நினைவகத்தை 1980-களில் தோஷிபாவில் உருவாக்கியவர் ஃபூஜியோ மசுவோகா. ஒரு பகுதி முழுவதும் சட்டென்று அழிவது கேமரா ஃப்ளாஷ் போல இருக்கிறது என்று கூட வேலை பார்த்தவர் சொன்னதால் அந்தப் பெயர் வந்ததாம். அழிப்பதையே பெயராகச் சூட்டிக்கொண்ட இந்தச் சாதனத்துக்கு அழிப்பதென்றால்தான் ஆகாது. தகவல் என்பது இங்கே மிக மெல்லிய காப்புச் சுவருக்குப் பின்னால் சிறைப்பட்ட எலக்ட்ரான்கள். எழுதுவதைப் பக்கம் பக்கமாக எழுதலாம். ஒரு பக்கம் சில கிலோபைட். ஆனால் அழிப்பதென்றால் நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட தொகுதியை மொத்தமாகத்தான் அழிக்க முடியும். ஏறத்தாழ 20 வோல்ட் அழுத்தம் கொடுத்து எலக்ட்ரான்களைச் சுவர் வழியே வெளியே இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்பும் சுவரைக் கொஞ்சம் அரிக்கும். சாதாரண எஸ்.எஸ்.டி.யில் சில ஆயிரம் தடவைக்குமேல் ஒரு தொகுதி தாங்காது. ஆகவே உள்ளே உட்கார்ந்திருக்கும் கன்ட்ரோலர், அழிக்கும் வேலையை முடிந்தவரை தள்ளிப்போடுகிறது.

எஸ்.எஸ்.டி.யை ஒரு லாட்ஜ் என்றும் கன்ட்ரோலரை அதன் மேனேஜர் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு அறையை மட்டும் கழுவ வழியில்லை. கழுவினால் மாடி முழுவதும் ஆசிட் ஊற்றித்தான் கழுவ வேண்டும். ‘12-ஆம் அறைக்காரரைக் காலி பண்ணிவிட்டு இவரைப் போடுங்கள்’ என்று நீங்கள் சொன்னால் மேனேஜர் ‘சரி சார்’ என்பார். புதியவரை நாலாம் மாடியில் ஒரு காலி அறையில் விட்டுவிட்டு, 12 என்ற பலகையைக் கழற்றிவந்து அந்தக் கதவில் மாட்டிவிடுவார். பழையவர் பலகை இல்லாத பழைய அறையிலேயே தூங்கிக்கொண்டிருப்பார். நீங்கள் 35 தடவை சொன்னால் 35 பேர் 35 அறைகளில் படுத்திருப்பார்கள். போதாததற்கு, போர்டில் எழுதியிருக்கும் எண்ணிக்கையைவிட 7 சதவீதமோ அதற்கு மேலோ கூடுதல் அறைகள் பின்கட்டில் உண்டு. வாடிக்கையாளருக்கு அவை கண்ணிலேயே படாது. இடம் முட்டும்போதுதான், கணக்கில் உள்ளவர்களை நடுராத்திரியில் எழுப்பி வேறு மாடிக்கு நகர்த்திவிட்டு இந்த மாடியைக் கழுவுவார்கள். விண்டோஸ் அனுப்பும் ‘ட்ரிம்’ கட்டளை ‘ரூம் காலி’ என்று சொல்லும் தகவல் மட்டுமே. எப்போது கழுவுவது என்பது மேனேஜர் இஷ்டம். தூங்குகிறவரைப் பார்க்க வேண்டுமானால் ரிஜிஸ்டர் உதவாது, வெளியே ஏணி வைத்து ஜன்னலில் எட்டிப் பார்க்க வேண்டும். அதாவது சிப்பைக் கழற்றி நேரடியாகப் படிக்க வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள் 2011-இல் அந்த ஏணியை வைத்தே விட்டார்கள். தனிக் கோப்பைத் துடைப்பதாகச் சொன்ன மென்பொருள் வழிகள் ஒன்றும் பலிக்கவில்லை. டிஸ்க் முழுவதையும் இரண்டு தடவை மேலெழுதினால் பெரும்பாலும் பலித்தது, எப்போதும் அல்ல. உள்ளமைந்த அழிப்புக் கட்டளையைக் கொடுத்தபோது, முடிந்தது என்று அறிவித்த ஒரு டிஸ்கில் தகவல் அத்தனையும் அப்படியே இருந்தது.

மேனேஜரைத் திருத்த முடியாது என்றால், தங்குகிறவர்களை யாருக்கும் புரியாத பாஷை பேசவைத்து, கடைசியில் அகராதியை எரித்துவிடலாம். (லாட்ஜ் உவமை இதற்குமேல் தாங்காது.) குறியாக்கம் என்பது இதுதான். விண்டோஸின் பிட்லாக்கர், மேக்கின் ஃபைல்வால்ட் போன்ற மென்பொருள்கள் டிஸ்குக்குள் போகும் ஒவ்வொரு எழுத்தையும் ஒரு சாவியால் குழப்பித்தான் எழுதுகின்றன. 256 பிட் சாவி என்றால் வெறும் 32 பைட். அந்த 32 பைட் போய்விட்டால், ஒரு டெராபைட் முழுவதும், பின்கட்டு அறைகள் உட்பட, அர்த்தமில்லாத இரைச்சலாகிவிடும். எத்தனை ஏணி வைத்தாலும் பயனில்லை.

சாவியும் அதே எஸ்.எஸ்.டி.யில்தானே இருக்கிறது, அதன் பழைய பிரதி மட்டும் எங்கோ ஒரு மூலையில் தூங்காதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தூங்கலாம், ஆனால் அது பூட்டுக்குள்தான் தூங்கும். அந்தப் பூட்டைத் திறக்கும் ரகசியத்தை வைத்திருக்கும், கணினியில் உள்ள டி.பி.எம். சிப்போ, 48 இலக்க மீட்பு எண்ணோ இல்லாமல் அதைத் திறக்க முடியாது. ஆகவே விற்கும்போது டி.பி.எம்.மைத் துடைக்க வேண்டும், மீட்பு எண் எழுதிய காகிதத்தை லேப்டாப் பையிலேயே விட்டுவிடக் கூடாது. டிஸ்க் தயாரிப்பவரே குறியாக்கம் செய்து தருகிறாரே என்று அதை மட்டும் நம்புவதும் சரியல்ல. சில எஸ்.எஸ்.டி.களில் கடவுச்சொல்லுக்கும் சாவிக்கும் தொடர்பே இல்லை என்று நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தார் 2018-இல் காட்டினார்கள். மென்பொருள் செய்யும் குறியாக்கமே மேல்.

இதில் உண்மையான குறை ஒன்று உண்டு. விற்கப்போகும் வாரத்தில் குறியாக்கத்தைத் தொடங்கினால், அதற்கு முன்னால் வெறுமனே எழுதப்பட்டவை பின்கட்டில் தங்கிவிடலாம். வாங்கிய அன்றே தொடங்குவதுதான் முறை. தவறவிட்டவர்கள், பயன்படுத்திய இடத்தை மட்டும் என்று இல்லாமல் டிஸ்க் முழுவதையும் குறியாக்கம் செய்யச் சொல்லுங்கள். பிறகு பயாஸ் அமைப்பில் அழிப்பு வசதி இருந்தால் அதை ஓட்டுங்கள். அந்த வசதி இல்லையென்றால், விண்டோஸ் மீட்டமைப்பில் எல்லாவற்றையும் நீக்கு என்பதோடு டிரைவைச் சுத்தம் செய்யும் விருப்பத்தையும் சேர்த்துக் கொடுங்கள். சுத்தியலால் அடிப்பதாக இருந்தால் ஒவ்வொரு சிப்பும் நொறுங்க வேண்டும், உறையை நெளித்தால் போதாது. கணினி இயங்கவே மறுக்கிறது, கட்டளை கொடுக்க வழியில்லை என்றால் விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். எம்.2 வகை எஸ்.எஸ்.டி.யைப் பெரும்பாலும் ஒரே ஒரு திருகுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு மீதியை விற்றுவிடுங்கள்.