எச்சரிக்கையை எடுத்துரைக்கும் ஆற்றல்

தொடர்பாடல் திறன் என்னும் தொடர் இன்று பாடசாலைகளிலும் இளைஞர் அமைப்புகளிலும் அடிக்கடி ஒலிக்கின்றது. இது குறித்து நிகழ்த்தப்படும் விளக்கவுரைகள் பல, நேர்முகப் பரீட்சைக்குத் தோற்றுவது எவ்வாறு, மேடையில் நிற்பது எவ்வாறு என்பவற்றோடு நின்றுவிடுகின்றன. அவை வேண்டியவையே. ஆயினும் மாத்தளை போன்ற மலைசார்ந்த மாவட்டமொன்றில், ஒரு செய்தியைச் சரிவரச் சொல்லவும் கேட்கவும் தெரிந்திருப்பது உயிர் காக்கும் ஆற்றலாகும் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

2025 நவம்பர் இறுதியில் நாட்டைத் தாக்கிய டித்வா புயல் மலையகம் முழுவதையும் உலுக்கியது. வெள்ளத்தாலும் மண்சரிவாலும் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் மாத்தளையும் ஒன்றாகும். எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் கிடைக்கவில்லை என்ற குறையும் அப்போது பரவலாக எழுந்தது. 1987 இல் 13 ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாக்கப்பட்ட நாட்டில் இக்குறை நீடிப்பது ஏற்கத்தக்கதன்று. அதனைத் தீர்ப்பது அரசின் கடமை. அதேவேளை, கிடைத்த செய்தியைக் கடைசி லயன் வரை சிதையாது கொண்டுசேர்ப்பதற்கு மக்களைப் பழக்குவது நம் அனைவரதும் பொறுப்பாகும்.

வாய்மொழிச் செய்திக்கு நேரும் ஆபத்தை இம்மாவட்டம் நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தது. செவிவழியாகப் பேணப்பட்டுவந்த திரிபிடகம், பஞ்சமும் போரும் சூழ்ந்த கி.மு. முதலாம் நூற்றாண்டில், மாத்தளை நகருக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையிலேயே ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. மனனம் செய்தவர்கள் மறைந்தால் செய்தியும் மறையும் என்ற அச்சமே அதற்குக் காரணமாயிற்று.

எனவே, தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவரோ இளைஞர் கழகத்தினரோ இப்பொருளில் விளக்கவுரை ஒன்றை நிகழ்த்த முற்படின் எவ்வாறு திட்டமிடலாம் என்பதை இங்கு நோக்குவோம்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது, நாம் என்ன பேசப்போகின்றோம் என்பதன்று. கேட்டுச் செல்பவர் என்ன செய்யக் கூடியவராக வேண்டும் என்பதேயாகும். "மண்சரிவு எச்சரிக்கையைக் கேட்டவர் அதனைப் பிழையின்றி அயலவருக்குச் சொல்லவும் அதற்கேற்ப நடக்கவும் வேண்டும்" என ஒரே வாக்கியத்தில் நோக்கத்தை எழுதிக்கொள்ளல் நன்று. அந்த வாக்கியத்துக்கு உதவாத எதுவும், எவ்வளவு சுவையானதாயினும், விளக்கவுரையில் இடம்பெறலாகாது.

அடுத்தது, கேட்போரை அறிதல். விடியற்காலையில் பிரட்டுக்குச் சென்று மாலையில் களைத்துத் திரும்பும் தொழிலாளரிடம் ஒரு மணி நேரம் பேசுவதிற் பயனில்லை. இருபது நிமிடம் போதுமானது. புரொஜெக்டர் இல்லாவிடினும் கவலையில்லை. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு ஆகிய மூன்று நிற அட்டைகள் போதும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையின் மூன்று நிலைகளும் இந்நிறங்களே. 24 மணி நேரத்தில் மழைவீழ்ச்சி 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்பாயிருத்தல், 100 ஐக் கடந்தால் வெளியேற ஆயத்தமாதல், 150 ஐக் கடந்தால் வெளியேறுதல் என்பது அதன் பொதுவான அளவுகோலாகும். நிமிர்ந்த பக்கங்களையுடைய பாத்திரமொன்றைத் திறந்த வெளியில் வைத்து, அடிமட்டத்தால் நீரின் உயரத்தை அளந்து காட்டினால், எண்கள் வெறும் எண்களாக இராமற் கண்முன் நிற்கும்.

மூன்றாவது, செய்தியின் உள்ளடக்கம். எச்சரிக்கைகளை ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் டெனிஸ் மிலெட்டி போன்றோர், நல்ல எச்சரிக்கையொன்றில் ஐந்து விடயங்கள் அடங்கவேண்டும் என்பர். சொல்வது யார், ஆபத்து என்ன, எவ்விடத்தில், எவ்வேளையில், செய்ய வேண்டியது யாது என்பனவே அவை. "மலை சரியப் போகுதாம்" என்பதில் இவற்றுட் பல இல்லை. மேலும், எச்சரிக்கையைக் கேட்ட மக்கள் உடனே புறப்படுவதில்லை; வேறொருவரிடம் கேட்டு உறுதிசெய்த பின்னரே அசைவர். அதனை அறியாமை என இகழ்தல் தவறு. யாரிடம் கேட்டு உறுதிசெய்வது என்பதை முன்கூட்டியே சொல்லிவைப்பதே முறையாகும். கிராம உத்தியோகத்தரின் தொலைபேசி இலக்கமும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கமும் சுவரில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். மின்சாரமும் தொலைபேசியும் துண்டிக்கப்பட்டால் கோயில் மணியா, தப்பா எதனை ஒலிப்பது என்பதும் அன்றே முடிவாக வேண்டும்.

நான்காவது, பயிற்சி. பத்துப் பேரை வரிசையாக நிறுத்தி, முதலாமவரின் காதில் ஓர் எச்சரிக்கையைச் சொல்லிக் கடைசியானவர் என்ன கேட்டார் என வினவினால், செய்தி சிதையும் விதம் எவருக்கும் விளங்கும். அடுத்த முறை, கேட்டவர் ஒவ்வொருவரும் அதனைத் திரும்பச் சொல்லிக் காட்டிய பின்னரே அடுத்தவரிடம் செல்லட்டும். விமானிகள் கட்டுப்பாட்டு நிலையத்தின் பணிப்புரையைத் திரும்பக் கூறுவதும் இதன் பொருட்டே. ஒரு மணி நேரப் பிரசங்கத்தை விட இப்பத்து நிமிடப் பயிற்சி மனதிற் பதியும்.

நிகழ்த்துபவர் முன்னதாக ஒருமுறையேனும் கடிகாரத்தை வைத்து வாய்விட்டுப் பேசிப் பார்த்தல் அவசியமாகும். "விளங்கியதா?" எனக் கேட்டால் எல்லோரும் தலையசைப்பர், "சிவப்பு என்றால் நீங்கள் எங்கே போவீர்கள், அம்மா?" எனக் கேட்டாலே உண்மை வெளிப்படும். அதற்குப் பதில் வராவிடின் குறை கேட்டவரிடம் அன்று, சொன்னவரிடமே.

இரத்தோட்டை முதல் உக்குவெலை வரை, சரிவுகளை அண்டி வாழும் குடும்பங்களுக்குப் பாதுகாப்பான காணியும் வீடும் வழங்கப்படுவதே நிரந்தரத் தீர்வாகும். அக்கோரிக்கைக்கு எந்த விளக்கவுரையும் ஈடாகாது. ஆனால் அடுத்த மழை அதுவரை காத்திராது. ஆகவே பாடசாலைகளும் தோட்ட நிர்வாகங்களும் பிரதேச செயலகங்களும் ஒன்றிணைந்து, பருவமழைக்கு முன்னர் ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் இத்தகைய விளக்கவுரை ஒன்றையேனும் தமிழில் நடத்த முன்வரவேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.