உலக சாம்பியனின் கோல் விமானப் பயணத்தில் உடைந்தது! ஆட்டமும் போச்சா?

ஒரு மரக்கோல். விலை 40 பவுண்டு. அதை வைத்துக்கொண்டு ஒருவர் 7 தடவை உலக சாம்பியன் ஆனார். ஒரு நாள் கோல் உடைந்தது. அதன் பிறகு உலகப் பட்டம் அவர் கைக்கு வரவே இல்லை!

கோல்தான் காரணமா? விசாரித்துப் பார்த்தால் விஷயம் அத்தனை லேசாக இல்லை.

அவர் பெயர் ஸ்டீபன் ஹென்ட்ரி. ஸ்காட்லாந்துக்காரர். ஸ்னூக்கர் ஆட்டத்தில் புலி. பச்சைத் துணி போர்த்திய மேஜையில், கோலால் பந்தை இடித்துக் குழியில் தள்ளுகிற ஆட்டம் இது. வெள்ளைக்காரன் ஆட்டம்தானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 1875-ல் இது பிறந்தது ஜபல்பூர் ராணுவ முகாமில். விதிகளை எழுதி மாட்டியது 1882-ல் நம்ம ஊட்டி கிளப்பில்!

திருடனுக்குத் தப்பியது

ஹென்ட்ரி பையனாக இருந்தபோது வாங்கிய கோல் அது. 1990-ல் அதை வைத்து முதல் உலகப் பட்டம் வாங்கினார். அப்போது வயது 21. அவ்வளவு சின்ன வயதில் அதற்கு முன் யாரும் வாங்கியதில்லை.

அதே ஆண்டு இங்கிலாந்தில் ரெடிங் நகரில் போட்டி நடந்தபோது கோல் திருட்டுப் போய்விட்டது. பதறிப்போனார் ஹென்ட்ரி. கோலின் விலையைப்போல் பல மடங்கு பணம் பரிசாக அறிவித்தார். கோல் திரும்பி வந்தது. 1999-க்குள் உலகப் பட்டம் ஏழு சேர்ந்துவிட்டது.

திருடனுக்குத் தப்பிய கோல், விமான மூட்டைகளுக்குத் தப்பவில்லை. 2003-ல் தாய்லாந்திலிருந்து ஊர் திரும்பினார். சாமான்களோடு ஏற்றிய கோல் உடைந்து வந்து சேர்ந்தது. சரி பண்ண முடியாத சேதம்.

பேனா மாறின கதை

"இன்னொரு கோல் வாங்கினால் போச்சு" என்பீர்கள். பாங்கில் பக்கத்து ஆளிடம் பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டுப் பாருங்கள். கை உங்கள் கைதான், பெயரும் உங்கள் பெயர்தான். ஆனாலும் எழுத்து ஒரு மாதிரி இழுக்கும். இதுவும் அப்படித்தான்.

ஸ்னூக்கர் கோல் சுமார் அரைக் கிலோ எடை. முனையில் ஒரு பித்தளைப் பூண். அதன் மேல் சின்னதாக ஒரு தோல் வில்லை. வில்லையின் அகலம் 9 முதல் 10 மில்லி மீட்டர். பூல் ஆட்டக் கோலுக்கு முனை இன்னும் தடிமன், 13 மில்லி மீட்டர்வரை இருக்கும். எடையில் 20 கிராம் கூடினாலும் பழகிய கைக்குத் தெரிந்துவிடும்.

பெரிய வம்பு வேறு இடத்தில் இருக்கிறது. பந்தின் நடுவில் இடித்தால் பந்து நேராகப் போகும். சுழலவிடுவதற்காக வலப்பக்கம் இடித்தால், பந்து இடப்பக்கமாகக் கொஞ்சம் ஒதுங்கிப் போகும். எவ்வளவு ஒதுங்கும்? அது கோல் நுனியின் கனத்தைப் பொறுத்தது. நுனி கனமானால் அதிகம், லேசானால் குறைவு.

பழைய கோலில் இந்தக் கணக்கைக் கை தானாகவே போட்டுவிடும். ஆட்டக்காரருக்கே அது தெரியாது. புதுக் கோலில் அந்தக் கணக்குத் தப்பாகிறது. அரை டிகிரி தப்பினால் போதும். 10 அடி தூரத்தில் ஒரு அங்குலம் விலகிவிடும். பந்தின் அகலமே 2 அங்குலம்தான்!

ஒரு தடவை தப்பினால் மனசில் சந்தேகம் புகுந்துவிடும். தப்பு கோலிலா, கையிலா? அந்த யோசனையோடு குனிந்தால் அடுத்த பந்தும் தப்பும்.

குற்றவாளி யார்?

இப்போது சாட்சியங்களைப் பாருங்கள். புதுக் கோலோடு இறங்கிய ஹென்ட்ரி, அதே 2003 நவம்பரில் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டம் வாங்கினார். இறுதி ஆட்டத்தில் தோற்றவர் சாமான்யர் அல்ல, ரானி ஓ'சல்லிவன்! ஆனால் 2004 உலகப் போட்டியின் அரை இறுதியில் அதே ஓ'சல்லிவன், 17-4 என்று ஹென்ட்ரியைத் துவைத்து எடுத்துவிட்டார்.

2005-ல் மால்டா கோப்பை. 2006-ல் மறுபடியும் உலக நம்பர் 1. 2012-ல் கடைசி என்று அறிவித்து விலகிய உலகப் போட்டியில்கூட, ஒரே மூச்சில் 147 புள்ளிகளை எடுத்துக் காட்டினார்!

இன்னொரு சாட்சியமும் உண்டு. 1999-க்குப் பிறகு, பழைய கோல் முழுசாகக் கையில் இருந்த நாலு வருஷத்திலும் உலகப் பட்டம் கிடைக்கவில்லை. இளவட்டங்கள் மேலே வந்துவிட்டார்கள். இடிக்கிற நேரத்தில் கை தயங்குகிற கோளாறு தன்னை வாட்டியதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

ஆக, கோலை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. புதுக் கோல் திறமையைத் திருடாது. கைக்கு இருந்த நம்பிக்கையைத்தான் திருடும். வயசு இருந்தால் அதைத் திரும்பச் சம்பாதித்துவிடலாம். ஹென்ட்ரிக்கு அப்போது வயது 34.

கிளப்புக்குப் போகிறவர்களுக்கு

தினம் ஒரு கோலை எடுத்து ஆடாதீர்கள். மேஜையில் உருட்டிப் பார்த்து, வளையாத ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாற்றியே ஆகவேண்டும் என்றால் பழைய எடைக்கும் முனைக்கும் நெருக்கமாகப் பாருங்கள். முதலில் நேர் அடிகளை மட்டும் பழகுங்கள். சுழல் அடி அப்புறம். சில வாரம் பொறுக்கணும். நாலு ஆட்டம் தோற்றதும் அடுத்த கோலைத் தேடினால், எந்தக் கோலும் கைக்கு அடங்காது!